மூன்றாவது வழியனுப்பு

மல்லேஸ்வரத்தில் நான் சமைக்கிற வீட்டு ஐயா டெல்லி மேல்சபையில் உறுப்பினராக இருந்தார். அதற்குத் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்க வேண்டாம். கட்சி பெயரைச் சொன்னால் எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டு அனுப்புவார்கள். ஆறு வருஷம் முடிந்தால் சபையில் எல்லாரும் புகழ்ந்து பேசி வழியனுப்புவார்கள். ஐயாவை அப்படி இரண்டு முறை வழியனுப்பினார்கள். இரண்டு முறையும் கட்சி மறுபடி அவர் பெயரையே சொன்னது.

என் ஓய்வும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் வழியனுப்புக்கு முன்பே எனக்கு முழங்கால் போய்விட்டது. வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொல்லக் கூச்சம். ஒருநாள் எப்படியோ சொன்னேன்.

"ஐயா ரிடையர் ஆகட்டும். அப்ப நீயும் நின்னுக்கோ" என்றார்கள் அவர் மனைவி. அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அதற்கப்புறம் நான் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது வழியனுப்பை டிவியில் பார்த்தோம். அம்மா சோபாவில், நான் கீழே மொச்சை பிதுக்கிக்கொண்டு. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் ஐயாவை அண்ணன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

"எப்பவும் 'உட்காரு, உட்காரு'ன்னு இவரைப் பார்த்துக் கத்தறவன் இவன்தான்" என்றார்கள் அம்மா.

"நிஜமாவே அழறாரும்மா."

"ரெண்டு வாட்டி ஏமாந்தவன். இந்த வாட்டியாவது போவாரான்னு அழறான்."

ஐயா எழுந்து பேசினார். முன்னால் இருந்த மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அடுப்பு மேடையை நானும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

டெல்லி சாமான்கள் அட்டைப்பெட்டிகளில் வந்தன. "பிரிக்காதே, வேண்டாம். போன வாட்டி எல்லாத்தையும் அடுக்கினப்புறம்தான் போன் வந்துச்சு" என்றார்கள் அம்மா. ஐயா குளிக்கப் போகும்போதும் போனை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். அது அடிக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன்.

அடிக்கவில்லை. கட்சி வேறொருவர் பெயரைச் சொல்லிவிட்டது. அன்றைக்கு ஐயா சாதத்தைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துகொண்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

அம்மா சொன்ன சொல் தவறவில்லை. என் கடைசி நாளில் புடவை கொடுத்தார்கள். ஐயா சமையலறை வாசலில் நின்று பேசினார்.

"இவங்க அனுபவம் நமக்கு எப்பவும் வழிகாட்டும். இவங்க இடத்தை நிரப்பறது கஷ்டம்."

"இது டெல்லி ஸ்பீச்சுதானே?" என்றார்கள் அம்மா.

"எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்" என்றார் ஐயா. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

ஸ்ரீராம்புரத்தில் என் வீட்டில் கால் நீட்டிப் படுத்தேன். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, அம்மா போன் செய்தார்கள்.

"புது ஆள் சமையலை அவர் தொடவே மாட்டேங்கறார். மூணு வேளையும் வீட்லயே இருக்கார் வேற. கொஞ்ச நாளைக்கு வாயேன்."

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். "சரிம்மா" என்றுதான் வாயில் வந்தது.

போனபோது ஹாலில் பெட்டிகளைக் காணவில்லை. அடுப்புப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் அதில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன்.