நாற்பத்து மூன்று மடங்கு

பார்வையில்லாத ஒரு மனிதரை ஏமாற்றப் பார்த்தவன் நான். அதுவும் ஒரு பொம்மைக் காருக்காக. இதைப் படித்ததும் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டால் எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் புரட்டியிருப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. நெய்வேலி நகரியத்தில் குடியிருந்தேன். ஊரே மைன்ஸில் புழுதி தின்றுகொண்டிருக்க, எனக்கு மட்டும் மின்விசிறிக்கு அடியில் ஃபைல் தள்ளும் வேலை. ஓட்டத் தெரிந்த வாகனம் சைக்கிள் ஒன்றுதான். அதிலும் திருப்பத்தில் இறங்கித் தள்ளுவேன். இப்படிப்பட்டவனுக்குப் பழைய அமெரிக்கக் கார்கள் மேல் பைத்தியம் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். நிஜக் கார்கள் அல்ல, உலோகத்தில் வார்த்த குட்டி மாடல்கள். அசலில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை பார்த்த என் மைத்துனர், கப்பல்காரர்களிடம் சொல்லிவைத்து ஒவ்வொன்றாக அனுப்புவார். ஒன்பது வருடத்தில் பதினான்கு சேர்ந்தன.

அவற்றுக்குக் கண்ணாடி ஷோகேஸ் ஒன்று செய்து, பூட்டும் போட்டிருந்தேன். சாவி என் ஷேவிங் பெட்டியில். பார்க்க வருபவர்கள் ஒரு கை தூரம் தள்ளி நிற்க வேண்டும். தும்மல் வந்தால் வராந்தாவுக்குப் போய்விட வேண்டும். "அரிசி டப்பாவுக்கு ஒழுங்கா மூடி இல்லே, இதுக்குப் பூட்டு ஒரு கேடு" என்பாள் மனைவி.

குவார்ட்டர்ஸில் போன் கிடையாது. ஆபீஸிலிருந்துதான் மைத்துனருக்கு டிரங்கால் என்ற வெளியூர் அழைப்பு போட வேண்டும்; மூன்று நிமிடத்துக்கு ஒரு கணக்கு. இணைப்புக் கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச் வேறொரு கட்டடத்தில் இருந்தது. அங்கிருந்து வருடக்கணக்கில் ஒரே ஆபரேட்டரின் குரலைக் கேட்டிருக்கிறேன், ஆளைப் பார்த்ததில்லை. அந்தக் கணீர்க் குரலுக்கு ஆறடி உயரமும் முறுக்கு மீசையும் நானாகவே பொருத்தி வைத்திருந்தேன்.

ஒருநாள் அந்தக் குரல், லைன் கிடைக்கும்வரை சும்மா இருக்காமல் கேட்டது: "சார், அந்த எறக்கை வெச்ச கார் வந்துடுச்சுங்களா?"

ஐம்பத்தொன்பதாம் வருட மாடலைத்தான் சொன்னார். பின்பக்கம் இரண்டு இறக்கைகள் எழும்பி நிற்கும் நீளமான கார். அதற்காக மூன்று மாதம் மைத்துனரை போனில் நச்சரித்திருந்தேன். அத்தனையையும் இவர் கேட்டிருக்கிறார்! கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. ஒன்பது வருடத்தில் என் கார்களைப் பற்றித் தானாக விசாரித்த முதல் ஆள் அவர்தான்.

"வந்தாச்சு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து பாருங்க" என்றேன்.

"கண்டிப்பா பாக்குறேங்க சார்" என்றார்.

ஞாயிறு மாலை கேட் திறந்தது. என்னைவிடக் குள்ளமான ஒருவர், கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் கோல், ஒரு கை மனைவியின் தோளில். "வணக்கங்க சார்" என்றதும்தான் குரல் அடையாளம் தெரிந்தது. மீசைகூட இல்லை.

அவர் மனைவி சிரித்தபடி, "ஒரு வாரமா வூட்டுல இதே பேச்சுங்க. சோறு துன்னும்போதுகூட கார்தான்" என்றார்.

நான் தடுமாறிப்போய் உளறினேன். "பாருங்க, இது என்ன கலர் தெரியுமா" என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் பொறுமையாக ஷோகேஸ் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டார்.

"சார், தொட்டுக்கினு பாக்கலாங்களா?"

இந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. அந்த இறக்கைகள் காகிதம்போல மெலிசு. நானே அதை இரண்டு முறைதான் கையில் எடுத்திருக்கிறேன். கீழ்த்தட்டில் பெயிண்ட் உரிந்த கார் ஒன்று கிடந்தது, என் ஆரம்பகாலத்தில் வாங்கியது. பூட்டைத் திறந்து அதை எடுத்து, "இதுதான் அந்த ஐம்பத்தொம்பது" என்று அவர் உள்ளங்கையில் வைத்தேன். குரலில் நடுக்கம்கூட இல்லை. காபியோடு வந்த என் மனைவி, என்னையும் காரையும் ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றும் மறக்கவில்லை.

அவர் விரல்கள் முன்பக்கத்திலிருந்து மெதுவாக ஊர்ந்து, கூரை ஏறி, பின்பக்கம் இறங்கின. அங்கே நின்றன. மறுபடி தடவின.

"சார், எறக்கை எங்கங்க? ரெண்டு எறக்கை, ஒவ்வொண்ணுலயும் தோட்டா மாதிரி ரெண்டு செகப்பு லைட்டுனு சொன்னீங்களே."

மூன்று மாதத்துக்கு முன் மைத்துனரிடம் நான் சொன்ன வார்த்தைகள்தான், ஒரு எழுத்து பிசகவில்லை. அவரே தொடர்ந்தார்.

"அவசரத்துல வேற வண்டிய எடுத்துட்டீங்க போலக்கீது. பரவால்லீங்க, இதுவும் நல்லாத்தான் இருக்குது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் தப்பிப்பதற்கான பொய்யையும் அவரே தயார் செய்து கொடுத்ததுதான் தாங்கவில்லை. "ஆமாங்க, மாத்தி எடுத்துட்டேன்" என்று அதையும் கூசாமல் வாங்கிக்கொண்டு, அசலை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

முன்கண்ணாடியில் அவர் சுண்டுவிரல் வெகுநேரம் நின்றது.

"கண்ணாடி சாய்ஞ்சா இருக்கும்? அதுவும் ஓரத்துல வளையுதே!"

வருடக்கணக்கில் கம்பெனி பஸ்ஸில் போய் வருபவர். அவர் அறிந்த பஸ் என்பது இரண்டு படி, ஒரு கம்பி, ஒரு சீட். கார் என்றால் ஒரு கதவும் மெத்தையும். ஒரு வண்டியின் முழு உருவம் ஒரே நேரத்தில் அவர் கைக்குள் வந்தது அன்றுதான். விரல்கள் இறக்கையின் நுனியைத் தொட்டபோது மூச்சை இழுத்து அப்படியே நிறுத்தினார். இத்தனை வருடமும் நான் அந்தக் கார்களை எண்ணியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன். இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

"நெசத்துல எம்மாம் பெருசுங்க?"

"நாற்பத்து மூணு மடங்கு" என்றேன், வழக்கமான பெருமையோடு.

"அது சரிங்க. எம்மாம் பெருசு?"

எனக்குத் தெரியவில்லை. வந்தவர்களிடமெல்லாம் அந்த எண்ணைச் சொல்லியிருக்கிறேன், ஒருமுறைகூடப் பெருக்கிப் பார்த்ததில்லை. ஸ்கேல் வைத்து அளந்து, ஐந்தேகால் அங்குலம் என்றேன். ஊரிலுள்ள டெலிபோன் நம்பர்களையெல்லாம் தலையில் வைத்திருந்தவர், கண நேரத்தில், "பத்தொம்பது அடி கிட்ட வருதுங்களே! இந்த ஹால் எத்தினி அடி?" என்றார்.

"பத்து."

"அப்ப வெளிய போலாங்க."

வாசலுக்குப் போனோம். நான் டேப் பிடித்தேன், அவர் கணக்குச் சொன்னார், என் மனைவி கோலமாவால் கோடு இழுத்தாள். கேட்டில் ஆரம்பித்த கார் பலாமரத்தடியில் போய் முடிந்தது. அகலம் ஆறே முக்கால் அடி. சக்கரம், கதவு, சீட் எல்லாம் அளந்து போட்டோம். கடைசியில் அவர் கோலைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பு உயரத்தில் வெறும் காற்றின் மேல் கையை வைத்து, அந்தக் காரின் பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தார். பின்பக்கம் நெருங்க நெருங்க, கை மெல்ல உயர்ந்தது.

"இங்கதான் எறக்கை ஏறுது" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், பார்த்தேன். என் பலாமரத்தடியில் அந்த இறக்கை நின்றது. சிவப்பு விளக்குகளும் இருந்தன. பார்த்தது நான் மட்டுமல்ல. அதன் பிறகு நாங்கள் யாருமே கோட்டை மிதிக்கவில்லை. அவர் மனைவி காபி டம்ளரைக் கழுவப் போனபோது, பத்தொன்பது அடியையும் சுற்றிக்கொண்டு போனார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஃபோர்மேன் மட்டும் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன சார், செப்டிக் டேங்கா? டவுன்ஷிப் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாச்சா?" என்றார். நாங்கள் இருவரும் முன்சீட் இருக்கும் இடத்தில் இரண்டு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அமெரிக்கக் கார் என்பதால் ஸ்டியரிங் இடப்பக்கம். அங்கே அவர்.

"ஓட்டத் தெரியுங்களா சார்?"

"சைக்கிள்தான்."

"எனக்கும் தெரியாதுங்க. அப்ப யார் ஓட்னா என்ன" என்று கையைத் திருப்பினார்.

அவர் கிளம்பும்போது, முதலில் கொடுத்த கார் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டேன். "தெரியுங்க. பெயிண்ட்டு உரிஞ்சிருந்துச்சே" என்றார், அவ்வளவுதான்.

ஷோகேஸை அதன்பின் நான் பூட்டவில்லை. சாவி எங்கே போயிற்று என்றுகூடத் தெரியாது. எதையாவது எனக்கு நன்றாகத் தெரியும் என்று வாய் திறக்கும்போதெல்லாம், காற்றில் மெல்ல உயர்ந்த அந்தக் கை நினைவுக்கு வந்து என்னை ஒருமுறை பெருக்கிப் பார்க்கச் சொல்கிறது.

அடுத்த வாரமே மைத்துனருக்கு டிரங்கால் போட்டேன். ஏமாற்றியது, கோலமாவு, இறக்கை எல்லாவற்றையும் சொன்னேன். குரல் தழுதழுக்க, "கண்ணிருந்தும் குருடன் நான்தான், மச்சான்" என்று விம்மிய நேரத்தில் அந்தக் கணீர்க் குரல் குறுக்கிட்டது.

"மூணு நிமிஷம் ஆயிடுச்சுங்க சார். இன்னும் உருகறதுன்னா எக்ஸ்டெண்ட் பண்ணிவுடறேன்."