கிளெனிஸ் அம்மையாரின் சாரியும் அபாலஜியும்

"பொறந்ததுலேருந்து ஒருத்தர்கிட்டயும் நான் அபாலஜைஸ் பண்ணினதில்ல. இனிமேலும் மாட்டேன். வேணும்னா என் கல்லறையில செதுக்கி வச்சிக்கோங்க."

இங்கிலாந்தின் லங்காஷயரில் எங்கள் புல்வெளிப் பந்து கிளப்பின் தேநீர் மேசையருகே கிளெனிஸ் ஆர்மராட் இப்படிப் பிரகடனம் செய்தாள். செய்துவிட்டு வேகமாகத் திரும்பியதில் நாற்காலியில் இடித்துக்கொண்டாள். உடனே நாற்காலியைப் பார்த்து "சாரி" என்றாள்.

இதில் எந்த முரண்பாடும் இல்லை. எங்கள் ஊரில் சாரி என்பது தும்மல் மாதிரி, தானாக வந்து விழும். உங்கள் காலை ஒருவர் மிதித்தால் நீங்கள் சாரி சொல்ல வேண்டும். மிதித்தவரும் சொல்வார். வேடிக்கை பார்த்தவர் மனசு கேட்காமல் தன் பங்குக்கு ஒன்று சொல்லி வைப்பார். மூன்று பேரும் நிரபராதிகளாகவே வீடு போய்ச் சேர்வார்கள். அபாலஜி அப்படியல்ல. செய்தது நான், தப்பு என்னுடையது என்று நின்ற இடத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சுமை தாங்காமல்தான் ரயில் தாமதமானால் எங்கள் நிலையத்தில் அந்த வேலையை ஒலிபெருக்கியிடம் விட்டிருக்கிறார்கள்.

கிளெனிஸ் ஓய்வுபெற்ற மாடி பஸ் டிரைவர். குறுகிய தெருவில் எதிரே கார் வந்தால் பின்னால் போவது காராகத்தான் இருக்கும். லாரி வந்தாலும் அதே சட்டம்தான்.

வினை வந்தது ஒற்றையர் கோப்பைக்கான இறுதி ஆட்டத்தில். எதிராளி வில்ஃப் ஹேடாக், அவளுடைய நெடுநாள் ஜோடி ஆட்டக்காரர். உருட்டிவிட்ட பெரிய பந்துகளில் எது சின்னப் பந்துக்கு நெருக்கமோ அதற்கே ஜெயம் என்பதால், அதை அளக்க வில்ஃப் டேப்போடு குனிந்தார். அளவு அவர் பக்கம் சாய்ந்தது.

"காலால தள்ளிட்டான், திருட்டுப் பய," என்றாள் கிளெனிஸ், மொத்தக் கூட்டத்துக்கும் கேட்கும்படி.

மறுநாள், தன் நாய்க்குட்டியைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் செல்போனில் உண்மை கிடைத்தது. பந்து அசையவில்லை. நகர்ந்தது வில்ஃபின் நிழல்.

கமிட்டி கூடியது. செயலாளர் டெஸ்மண்ட் பில்லிங், உலகப் போரை முடித்துவைக்க வந்தவர்போல டை கட்டியிருந்தார்.

"அபாலஜைஸ் பண்ணிடு கிளெனிஸ். இல்லேன்னா இந்த சீசன் முழுக்க உனக்கு ஆட்டம் கிடையாது."

"சாரின்னு வீடியோ பாத்த அன்னைக்கே சொல்லிட்டேனே."

"காலையில இடிச்சப்ப கேட் கதவுகிட்டயும்தான் சாரி சொன்னே."

"கேட் ஏத்துக்கிச்சு. உங்களுக்குத்தான் பத்தல."

"வருத்தப்படறேன்னாவது சொல்லேன்."

"மழை பெஞ்சாக்கூடத்தான் வருத்தப்படறேன். அதுக்காக மேகத்துக்கிட்ட போய்க் கையைக் கட்டிட்டு நிக்கணுமா?"

டெஸ்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விளையாட்டுப் பேச்சு இல்லம்மா இது. வில்ஃப் நேத்து லாக்கர் சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டார். திருடன்னு பேர் வாங்கின இடத்துல காலை வைக்க மாட்டாராம். பந்துப் பையைக்கூட எடுத்துக்கல."

கிளெனிஸ் மூலையில் கிடந்த அந்தப் பையைப் பார்த்தாள்.

"உங்க யார்கிட்டயும் நான் எந்தத் தப்பும் பண்ணல," என்று எழுந்தாள். "சீசனை நீங்களே வச்சிக்கோங்க." போகிற போக்கில் வில்ஃபின் பையைத் தூக்கிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்கிற துணிச்சல் உள்ளவர் யாரும் அங்கே இல்லை.

பை கனமாக இருந்ததால் அடுத்த நாள் என் காரில் வில்ஃப் வீட்டுக்கு வந்தாள். வழியில் ஒரே உத்தரவு: "கமிட்டி காதுக்கு இது போச்சோ, உன் கூட ஆயுசுக்கும் பேச மாட்டேன்."

வில்ஃப் பின்தோட்டத்தில் வெங்காய நாற்று நட்டுக்கொண்டிருந்தார். கிளெனிஸைப் பார்த்ததும், "சாரி, கையெல்லாம் மண்ணு," என்றார். கிளெனிஸின் வாயிலும் பதில் சாரி கிளம்பியது. உதட்டை இறுக்கி அதை நிறுத்தினாள்.

"டெஸ்மண்ட் அனுப்பினானா?" என்றார் வில்ஃப், நாற்றைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அவங்ககிட்ட முடியாதுன்னுட்டேன். இந்த சீசன் நான் இல்ல. சனிக்கிழமை மேட்ச்சுக்கு நீ போயே ஆகணும். பை இந்தா."

"போக மாட்டேன் கிளெனிஸ்."

பையைப் புல்லில் இறக்கினாள். கார் கதவருகே நின்ற என்னைத் திரும்பி முறைத்தாள். நான் மரியாதையாக வானத்தைப் பார்த்தேன்.

"நீ பந்தைத் தொடல. தோத்துட்டேன்கிற கோவத்துல, அத்தனை பேர் முன்னாடி உன்னைத் திருடன்னேன். தப்பு என்னோடது, வில்ஃப். அபாலஜைஸ் பண்றேன்."

சத்தமில்லாமல்தான் சொன்னாள்.