மூணாவது ‘பி’ செக்‌ஷனும் ஒரு டியூப் கம்ப்ரஸரும்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் வரவில்லை. ‘என்ன சார், ஊருக்கா?’ என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். ஊருக்கெல்லாம் போகவில்லை. தேனாம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தேன்.

மாலதிக்கு — என் மனைவி — கழுத்தில் தைராய்டு கட்டி. கேன்சர் இல்லை. ஆனால் எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலேயே ஓடுது. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. சிலருக்கு மட்டும் குரல் மாறிடும். சொல்லிட வேண்டியது எங்க கடமை.”

மாலதி மூன்றாம் வகுப்பு டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற குரல். அபிராமபுரத்தில் எங்கள் ஃப்ளாட் மூன்றாவது மாடி. பால்கனியில் நின்று அவள் காய்கறி வண்டிக்காரரைக் கூப்பிட்டால் அடுத்த தெரு வண்டிக்காரரும் சேர்ந்து வருவார். அந்தக் குரல் போய், வெறும் காற்று மட்டும் வந்தால்? பிறகு அவள் வகுப்பில் போய் நிற்பது எப்படி?

நான் என்ன செய்தேன்? ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, “ஒண்ணும் ஆகாது மாலு!” என்று சத்தமாகச் சொன்னேன். தைரியம் சொல்வதில் நான் கெட்டிக்காரன். அவளும் “சரிங்க” என்று சொல்லிவிட்டு நோட்டு திருத்தப் போய்விடுவாள்.

அட்மிட் ஆக வேண்டிய நாள் காலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவள் குரலை ரெக்கார்ட் செய்து வைத்துவிட்டால் என்ன?

மகள் கல்யாணமாகிப் போன பிறகு அவள் அறைதான் என் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றால்... ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், எதிரொலி வராமலிருக்கச் சுவரில் இரண்டு கம்பளி. இந்தப் பத்தியைப் படிக்காமல் காதால் கேட்கிற சோம்பேறி வாசகர்களுக்காக (கோபம் வேண்டாம்!) வாரா வாரம் அங்கே உட்கார்ந்து வாசிக்கிறேன். என் செல்லமும் அங்கேதான் இருக்கிறது. டியூப் கம்ப்ரஸர், செகண்ட் ஹேண்ட். கனமான இரும்புப் பெட்டி. உள்ளே, பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி இரண்டு கண்ணாடி வால்வு. எவ்வளவு அமுக்குகிறது என்று காட்ட, முகப்பில் ஆடுகிற ஒரு முள்.

அது என்ன செய்யும்? மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்து வால்யூமைத் திருகிக்கொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தமாகப் பேசினால் குறைப்பார். மெதுவாகப் பேசினால் ஏற்றுவார். பெரியதை அமுக்கி, சிறியதைத் தூக்கிவிடுகிற வேலை. கூடவே குரலில் ஒரு கதகதப்பும் சேரும். இதையே செய்ய சாஃப்ட்வேரும் உண்டு; பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு வேறு மாதிரி செய்து பார்க்கலாம். பெட்டியில் அந்தச் சௌகரியம் கிடையாது. அதன் வழியாகப் பதிவான குரல் பதிவானதுதான். அமுக்கியதை நிமிர்த்த முடியாது.

வால்வு நன்றாகச் சூடாக வேறு அரை மணி நேரம் ஆகும். தீப்பிடித்துவிடுமோ என்று மாலதிக்குப் பயம். மற்ற வீடுகளில் ‘கேஸை மூடினீங்களா?’ என்று கேட்பார்கள், எங்கள் வீட்டில், “மெஷினை ஆஃப் பண்ணீங்களா?” லிஃப்ட் வரை வந்துவிட்டு இதற்காகத் திரும்பிப் போன நாட்கள் எத்தனையோ.

பையெல்லாம் கட்டி முடித்து, மதியம் ஒரு மணிக்குத்தான் அதைச் சூடாக்கி அவளைக் கூப்பிட முடிந்தது.

“மெஷினை டெஸ்ட் பண்ணணும் மாலு. ஏதாவது பேசேன்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். டீச்சர் பார்வை. “என்ன பேசணும்?”

“எதுவா இருந்தாலும் சரி.”

“அப்ப அட்டெண்டன்ஸ் எடுக்கறேன்.”

மூணாவது ‘பி’ செக்‌ஷன். ரெஜிஸ்டர் இல்லாமலே நாற்பது பெயரும் வரிசையாக அவளுக்கு மனப்பாடம்.

அவள் குரல் எப்போது எகிறும் என்று சொல்ல முடியாது. எகிறினால் பதிவு கிழிந்துவிடும். மறுபடி எடுக்க நேரமில்லை. இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அந்தப் பயத்தில் கம்ப்ரஸரில் அமுக்குகிற திருகை ஒரேயடியாக ஏற்றி வைத்தேன். என் காது பத்திரமாக இருக்க, ஹெட்ஃபோனில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெயர் சொல்வாள். பிள்ளை ‘ப்ரெசென்ட் மிஸ்’ சொல்வதற்காகக் கொஞ்சம் நிறுத்துவாள். அப்புறம் அடுத்த பெயர். நடுவில் பழக்கதோஷத்தில், “கடைசி பெஞ்ச்! என்ன பேச்சு அங்க?” என்று ஓர் அதட்டல். முள் போய்ப் படுத்தேவிட்டது.

முடிந்ததும் ஸ்பீக்கரில் போட்டோம்.

எல்லாம் ஒரே மட்டம். நான் பத்திரப்படுத்த நினைத்த அந்த அதட்டல், தலையணைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வந்தது. கெடுத்துவிட்டேன்! இருந்த ஒரே வாய்ப்பையும் கெடுத்துவிட்டேன். ஆனால் பெயருக்கும் பெயருக்கும் நடுவே இருந்த இடைவெளியில், சின்னச் சத்தங்களெல்லாம் எழுந்து வந்தன. ஃபேன். பக்கத்து ஃப்ளாட் மிக்ஸி. அப்புறம்... யாரோ முணுமுணுக்கிற சத்தம்.

“தர்ஷினி.”

“ஒண்ணும் ஆகாது...”

“ஹரீஷ்.”

“ஒண்ணும் ஆகாது... ஒண்ணும் ஆகாது...”

நான்தான். வாய் தானாக முணுமுணுத்திருக்கிறது, எனக்கே தெரியாது. மூணாவது ‘பி’யில் நாற்பது பிள்ளைகளுக்கும் நானே ப்ரெசென்ட் சொல்லியிருக்கிறேன். அழப்போகிறவனின் குரலில்.

நிறுத்தப் போனேன். மாலதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் பெயர் வரை கேட்டாள்.

“இத்தனை நாளா ஊரையே கூட்டற மாதிரி சொன்னீங்களே... இதுதானா அது?”

“பயமா இருக்கு மாலு” என்றேன். முதல் தடவையாக. மெதுவாக.

“எனக்கும்தாங்க. நீங்க தைரியமா இருக்கீங்களேன்னுதான் நான் வாயே திறக்கலை.”

அழுதோம். வெட்கப்படாமல் சொல்கிறேன், இரண்டு பேரும் நன்றாக அழுதோம். மணியைப் பார்த்தால் ஒன்றரை! பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஆட்டோ பிடித்தோம்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். “இன்னா சார், ரெண்டு பேரும் ஒரு மாதிரி கீறீங்க?”

“வீட்ல அவங்களுக்கு நாளைக்கு ஆபரேஷன்பா.”

“அட, அதெல்லாம் ஒண்ணியும் ஆவாது சார்!” என்றார், ஹாரனையும் மீறுகிற சத்தத்தில்.

மாலதி சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தாவில் எனக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. குடும்பம் நடத்துகிற நாம் எல்லோருமே இந்தப் பெட்டியை உள்ளே வைத்துக்கொண்டுதான் திரிகிறோமோ? பெரிய பயத்தை அமுக்கிவிட்டு, ‘சாப்டியா?’, ‘மாத்திரை போட்டியா?’ என்பதையெல்லாம் பெரிதாகக் கேட்டுக்கொண்டு... நல்லதுதான். திருகை எங்கே நிறுத்துவது என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.

டாக்டர் வந்தார். “நல்லபடியா முடிஞ்சுது. குரல் எப்படின்னு அவங்க பேசினாத்தான் தெரியும்.”

மத்தியானம் கண் திறந்தாள். கழுத்தில் கட்டு. என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. அவள் எச்சிலை விழுங்கினாள். மறுபடி வாயைத் திறந்தாள்.

“மெஷினை... ஆஃப் பண்ணீங்களா?”

கொஞ்சம் கரகரப்பு. அவ்வளவுதான். அதே குரல், அதே கேள்வி!

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. நேற்று அழுதது, பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது... மெஷின்? ஐயையோ.

“பண்ணிட்டேன் மாலு!” என்றேன், வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இவ்வளவு சத்தமா சொன்னா... பண்ணலை. போய் ஆஃப் பண்ணிட்டு வாங்க.”