மாசி அமாவாசையும் ஓரியன் நெபுலாவும்

எங்கள் வீட்டில் அமாவாசைக்கு இரண்டு பேர் போட்டி. எனக்கு நிலா இல்லாத வானம் வேண்டும்; என் மனைவிக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் வேண்டும். புரட்டாசியில் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனது. நல்லபடியாக எழுந்துவிட்டால் ஓர் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்குப் புருஷனோடு வருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். ஐப்பசியும் கார்த்திகையும் மழையில் போயின. மார்கழியிலும் தையிலும் நான் படமெடுக்கப் போய்விட்டேன். மாசிக்குக் கட்டாயம் போகலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

நான் திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஊருக்குள் லைட் வெளிச்சத்தில் நட்சத்திரம் பத்து தெரிந்தால் அதிகம். அதனால் திருவெண்ணெய்நல்லூர் தாண்டி என் மச்சான் நிலக்கடலை போட்டிருக்கும் மல்லாட்டைக் கொல்லைக்குப் போவேன். டெலஸ்கோப், ஸ்டாண்டு, பேட்டரி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு விழுப்புரத்தில் பஸ் மாற வேண்டும். கல்யாண வீடியோவா என்று கண்டக்டர் கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். நெபுலா என்றால் வானத்தில் கிடக்கும் வாயு மேகம் என்று விளக்கி முடிப்பதற்குள் என் ஸ்டாப்பிங் போய்விடும்.

அந்த வருஷம் ஓரியன் நெபுலாவை எடுத்தேன். மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அதற்குக் கீழே இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு ஒரு மங்கல் பொட்டு, அவ்வளவுதான். இரண்டிரண்டு நிமிஷமாக நூற்றுக்கணக்கில் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அதன் ரோஜா நிறம் வெளியே வரும்.

கடைசியில் ஒரு வேலை பாக்கி இருக்கும். லென்ஸில் ஒட்டிய தூசும் ஓரத்து இருட்டும் எல்லாப் படத்திலும் விழுந்திருக்கும். விடியும்போது டெலஸ்கோப் வாயில் வெள்ளைத் துணி கட்டி, வெறும் வெளிச்சத்தைப் படமெடுத்தால், அதை வைத்துக் கம்ப்யூட்டர் அந்தக் குறைகளை நீக்கிவிடும். ஃப்ளாட் என்பார்கள். இதற்கென்றே ஒரு பழைய வேட்டி வைத்திருந்தேன். தை அமாவாசைக்குக் கிளம்பிய அவசரத்தில் அது அகப்படவில்லை. பீரோவிலிருந்து கைக்குக் கிடைத்த வேட்டியை உருவிப் பையில் திணித்துக்கொண்டேன்.

தினமும் ராத்திரி கடையை மூடிவிட்டு வந்து ஒரு வாரம் உட்கார்ந்து படத்தை அடுக்கினேன். ரோஜா வரவில்லை, நீலம் வந்தது. என்ன நீலம்! யாருக்கும் சிக்காதது எனக்குச் சிக்கிவிட்டது என்று தலைகால் புரியவில்லை. வான்படம் எடுப்பவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். புதுச்சேரிக்காரர் ஒருவர் மட்டும், நட்சத்திரம்கூட எல்லாமே நீலமாக இருக்கிறதே என்று கேட்டார். வயிற்றெரிச்சல் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் என் மனைவி அந்த வேட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேல்மலையனூருக்கு நான் கட்ட வேண்டும் என்று புதிதாக வாங்கி, மூலையில் மஞ்சள் தடவி வைத்திருந்தாளாம். யார் இப்படிக் கசக்கியது என்று கேட்டாள். எனக்கு அந்தக் கசங்கல் கண்ணில் படவில்லை. மஞ்சள்தான் பட்டது. நாலாக மடித்துக் கட்டியபோது அந்த மூலைதான் டெலஸ்கோப் வாய்க்கு நேராக வந்திருக்கிறது. வெளிச்சம் மஞ்சளாக இருந்ததாகக் கம்ப்யூட்டர் நம்பி, படத்திலிருந்து மஞ்சளை எடுத்துவிட்டது. மிச்சம் இருந்ததுதான் என் அபூர்வ நீலம்.

ஃப்ளாட்டை மட்டும் திரும்ப எடுக்கவும் வழியில்லை. கேமராவைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டேன். தூசு இடம் மாறியிருக்கும். எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். பங்குனிக்கு ஓரியன் மேற்கே சாய்ந்துவிடும். இருப்பது மாசி அமாவாசை ஒன்றுதான்.

கோயிலுக்குப் பங்குனியில் போகலாமா என்று கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு நாள் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்றாம் நாள், சரி போய்த் தொலைவோம் என்று நானே சொன்னேன். ஆசையாகச் சொல்லவில்லை.

மாசி அமாவாசையன்று வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. பஸ் பயணம் முழுக்க ஜன்னல் வழியாக அதைப் பார்த்துப் பொருமிக்கொண்டே போனேன். மேல்மலையனூரில் கால் வைக்க இடமில்லை. ஃபோகஸ் லைட்டில் ஒரு நட்சத்திரம்கூடத் தெரியவில்லை. வரிசையில் கால் மணி நேரம் நின்றிருப்போம். என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எழுந்தாள், நாலடி நகர்ந்தாள், திரும்ப உட்கார்ந்தாள். மூன்றாம் தடவை எனக்கு எரிச்சலாக வந்தது. என்ன ஆச்சு என்று அதட்டலாகவே கேட்டேன்.

"நின்னா அடிவயித்துல இழுக்குது."

எத்தனை நாளாக என்றேன்.

"ஆபரேஷன்லேர்ந்துதான். நீங்க கடைக்கும் கொல்லைக்கும் போய்க்கினு இருந்தீங்க. எப்ப சொல்றது? சமைக்கசொல்ல ஸ்டூல் போட்டுக்கினுதான் ஒக்கார்றேன். அதக்கூடப் பாக்கலியா நீங்க?"

பார்க்கவில்லை. சமையலறைக்கு ஸ்டூல் எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியாது.