அண்ணிக்கு நான் எழுதிய கேள்விகள்

அங்கன்வாடிப் பயிற்சிக்கு வந்த மேடம்தான் சொன்னார்: "வெறும் பக்கத்தப் பாத்துக்கிட்டு இருந்தா எழுத வராதுங்க. மேல ஒரு கேள்வி போடுங்க. அதுக்குப் பதில் எழுதுங்க. மனசு லேசாகும்." முதல் கேள்வியை அவரே பலகையில் எழுதினார். 'நீங்கள் யாரை மன்னிக்க வேண்டும்?'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மன்னிப்பாம்! அதை அடித்துவிட்டு, 'யாரைச் சும்மா விடக்கூடாது?' என்று நானே ஒரு கேள்வி போட்டேன். நான்கு பக்கம் நிறைந்தது. நான்கிலும் என் அண்ணன்தான்.

எங்கள் மலையில் நிலம் ஒருவருக்கு, அதில் நிற்கும் மரம் இன்னொருவருக்கு என்று பிரிப்பதுண்டு. அம்மா சாவதற்கு முன், கொல்லைப் புளியமரத்தைக் காட்டி, "இது பொண்ணுக்கு" என்றாள். அப்போது அங்கே நானும் அண்ணனும் அண்ணியும்தான் இருந்தோம். ஊர் வழக்கெல்லாம் தீர்க்கும் ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டு அவர் காதில் போட்டிருக்க வேண்டும். வீட்டுக்குள் எதற்குச் சாட்சி என்று இருந்துவிட்டேன், மடச்சி.

கருமாதி முடிந்த கையோடு அண்ணன், "அம்மா அப்டி ஒண்ணும் சொல்லலியே" என்றான். ஊர் கூடியபோது அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கீழ ஆலங்காயத்துல வாக்கப்பட்டவளுக்கு மலையில இன்னாத்துக்கு மரம்?" என்று அவன் கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். அதே இடத்தில் அவன் தலை குனிய வேண்டும், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். புளியைவிட எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

பயிற்சி முடிந்ததும் புது நோட்டு ஒன்று வாங்கினேன். அண்ணி பத்தாவது வரை படித்தவள். பக்கத்துக்கு ஒரு கேள்வி எழுதினேன். சந்தேகம் வரக்கூடாதே! சின்ன வயதில் பிடித்த பலகாரம் எது? மழை பெய்தால் யார் நினைப்பு வரும்? இப்படிப் பத்துப் பக்கம் தள்ளி முள்ளை வைத்தேன். 'தெரிந்தும் நீங்கள் சொல்லாமல் விட்டது என்ன?'

மலைமேல் அண்ணன் வீடு இருக்கும் புதூர்நாட்டுக்கு ஜீப் ஏறிப் போய் அண்ணியிடம் கொடுத்தேன். "எழுதுங்க அண்ணி. யாரும் பாக்க மாட்டாங்க."

"என்னாண்ட யாரும் எதுவும் கேட்டதில்லம்மா" என்று நோட்டை மடியில் வைத்துத் தடவினாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

இரண்டு மாதம் பொறுத்து மறுபடி போனேன். அண்ணி வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். துணிப்பெட்டியின் அடியில் நோட்டு கிடைத்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். 'மரம் நாத்தனாருக்கு என்று அத்தை சொன்னார். நான் வாயைத் திறந்தால் இவர் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?' முதல் வரியை மட்டும் மூன்று முறை படித்தேன். நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. "மறுபடியும் இன்னா? சாட்சி இருக்குதா?" என்று அண்ணன் துண்டை உதறினான். நான் நோட்டை எடுத்தேன். சத்தமாகப் படிக்க வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கமிருந்து அண்ணி எழுந்து வந்தாள்.

"குடு. என் எழுத்து. நானே படிக்கிறேன்."

படித்தாள். மரத்தைப் பற்றிய வரி, பிள்ளைகளைப் பற்றிய வரி, ஒன்றும் விடவில்லை. எனக்கு நெஞ்செல்லாம் குளிர்ந்தது. மாட்டினியா மவனே!

அண்ணி உட்காரவில்லை. கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அங்கும் நான் ஒரு கேள்வி போட்டிருந்தேன். 'உங்களை மிக அதிகம் ஏமாற்றியவர் யார்?' அண்ணன் மாட்டிக்கொள்ளட்டும் என்றுதான் போட்டது. அண்ணி அதையும் ஊருக்குப் படித்துக் காட்டினாள்.

"இதுக்கு நான் இன்னும் பதில் எழுதலீங்க. என் வூட்டுக்காரர எழுதலாம்னு இருந்தேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "இப்பச் சொல்றேன். இதோ நிக்கிறாளே, இவதான்."

மரம் எனக்கு என்று தீர்ப்பானது. அண்ணன் தலை குனிந்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் என் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.