வெறுங்குப்பியை நீட்டாத பெண்கள்

திண்டிவனத்தில், எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே என் மருமகள் பித்தவெடிப்புக் களிம்பு காய்ச்சி விற்று வருகிறாள். நல்லெண்ணெயும் தேன்மெழுகும் சேர்ந்த அக்களிம்பை நாற்று நடும் பெண்களே பெரிதும் வாங்குவர். பணி ஓய்வு பெற்றபின், அதைச் சந்தைகளுக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

தொடக்கத்தில் பிளாஸ்டிக் டப்பாக்களில்தான் விற்றோம். ஒரு மழைக்காலத்தில், கண்டாச்சிபுரம் சந்தையை ஒட்டிய வாய்க்காலில் எங்கள் சீட்டு ஒட்டிய டப்பாக்களே மிதக்கக் கண்டு, வீடு திரும்பி அவளிடம் கூறினேன். அன்று அவள் சரியாக உண்ணவில்லை. பின்னர் வாயகன்ற கண்ணாடிக் குப்பிகளை வாங்கினாள். களிம்பு தீர்ந்ததும் குப்பியைத் திருப்பித் தருமாறு எல்லோரையும் கேட்டுக்கொண்டாள்.

குப்பிகள் திரும்பின. ஆனால் ஒன்றேனும் காலியாகத் திரும்பவில்லை. எலுமிச்சை ஊறுகாய், பூண்டுப் பொடி. ஒன்றில் கருவாட்டுத் தொக்கு! பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவது எங்கள் பக்கத்தில் வழக்கமன்று. கண்ணாடி கொதிநீரில் தூய்மையாயிற்று. மூடியின் உள்வளையத்தில் ஏறிய வாசமோ போகவில்லை, களிம்பிலும் இறங்கிவிட்டது.

விழுப்புரத்தில் ஒரு பெண்மணி என்னை வழிமறித்தார்.

"இன்னா பெரியவரே, உங்க மருந்தத் தடவிக்கினு நடந்தா, தெருநாயெல்லாம் என் கால மோந்துக்கினே வருது!"

சுற்றி நின்றோர் சிரித்தனர், நானும் சிரித்தேன். வீட்டில் இதைச் சொன்னபோது மருமகள் சிரிக்கவில்லை. "இப்டியே போனா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க மாமா. பழையபடி பிளாஸ்டிக்குக்கே போயிடலாம்" என்றவள், டப்பா வியாபாரியிடமும் பேசிவிட்டாள்.

ஆயினும் மனம் ஒப்பாமல், அடுத்த சந்தைக்கு அவளே என்னுடன் வந்தாள். ஊறுகாய்க் குப்பியை நீட்டிய ஒரு பெண்ணிடம், "அக்கா, வெறும் பாட்டிலே போதுங்கக்கா" என்று கெஞ்சினாள்.

"வெறும் பாட்டில எப்டிம்மா குடுக்கறது? உனுக்கும் ஆவாது, எனுக்கும் ஆவாது."

"மூடியில வாசம் ஏறிப்போவுதுக்கா. தொழிலே நின்னுடும் போல."

"அட, இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? தோலோட நாலு மல்லாட்டை போட்டா வாசமா வரப்போவுது? ஏய், எல்லாம் கேட்டுக்குங்கடி!"

அச்சொல் சந்தைக்குச் சந்தை பரவ, குப்பிகள் மல்லாட்டையோடு, அதாவது தோலுரிக்காத வேர்க்கடலையோடு, வரத் தொடங்கின. டப்பா வியாபாரி மறுபடி அழைத்தபோது, "இனிமே வேணாங்கண்ணா" என்று மருமகள் உரக்கக் கூறியதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். கொடுக்கும் வழக்கத்தையும் விடாமல், எங்கள் குப்பிகளையும் காத்துத் தந்த அப்பெண்களுக்கு நான் என்றும் நன்றியுடையேன். சென்ற வாரம்கூட, வந்த மல்லாட்டையை வறுத்துக் கொறித்தபடியே மூடிகளைத் துடைத்து வெயிலில் வைத்தோம்.