லேடீஸ் டெய்லர் தள்ளிப்போட்ட ஆபரேஷன்

ஜாக்கெட் தைக்கிறவளுக்குத் தையலைவிட முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டியது, "நாளைக்கு வாங்க" என்பதை முகம் மாறாமல் சொல்வது. நெய்வேலி டவுன்ஷிப் கடைவீதியில் பதினெட்டு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் என் இருதயத்துக்கும் அதையே சொன்னேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி நடமாடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாம் ஒரே பெஞ்சுக்காரர்கள்.

மூச்சு

கடைக்கு ஏற நாலே படி. அந்த நாலுக்கே எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். எங்கள் ஊரில் எது வந்தாலும் தூசு மேல் பழியைப் போட்டுவிடலாம், வசதி. பிறகு மிஷினை மிதிக்கும்போதும் வாங்கியது. ஜாக்கெட்டின் ஒரு கையைத் தைப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி, நூல் அறுந்துவிட்ட மாதிரி ஊசியைக் குனிந்து பார்ப்பேன்.

மல்லிகா என்னிடம் கொக்கி வைக்கவும் ஹெம்மிங் செய்யவும் வருகிறவள். குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அறாத நூலை நான் எத்தனை தடவை கோத்தேன் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நீ மிஷினை மிதிக்கல. மிஷின்தான் உன்னை மிதிச்சிகினு கெடக்குது."

சீட்டு

அவள் நச்சரிப்புத் தாங்காமல்தான் டாக்டரிடம் போனேன். நெஞ்சில் ஜெல்லைத் தடவி எக்கோ எடுத்தார்கள். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சலில் படுத்திருந்தீர்களா என்று டாக்டர் கேட்டார். படுத்திருந்தேன். அந்தக் காய்ச்சல் அன்றைக்குப் போகும்போது இருதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. இப்போது அது சுருங்கி, இறுகி, ஒழுகவும் செய்கிறது. பலூன் வைத்து விரிக்க முடியாது, நெஞ்சைத் திறந்து மாற்றத்தான் வேண்டும் என்றார். "நெஞ்சைத் திறந்து" என்பதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

வீட்டுக்காரர் மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவரிடம் "மாத்திரை குடுத்திருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆடி போகட்டும், தீபாவளி போகட்டும் என்று எனக்கு நானே தேதி கொடுத்துக்கொண்டேன். அப்போதுதான் ரிட்டயர்டு டீச்சரம்மா மகள் கல்யாணத்துக்குப் பத்து ஜாக்கெட் கொண்டு வந்தார். தை மாதம் முகூர்த்தம். அதுவரைக்கும் இருப்பேனா என்று உள்ளே ஒரு குரல். "வேற யார்கிட்டயாவது பாதியைக் குடுத்துடுங்களேன் டீச்சர்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார்: "நீ இருக்கிற வரைக்கும் எனக்கு என்னம்மா கவலை?"

கழுத்து

சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முன்கழுத்தை நன்றாக மேலே ஏற்றி வைக்கச் சொன்னாள். இந்த வெயிலுக்கா என்று கேட்டுக்கொண்டே டேப்பைச் சுற்றினேன். சேலை விலகியது. கழுத்துக்குக் கீழே ஆரம்பித்து நேர்கோடாக ஒரு தழும்பு. டேப்பைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அந்நேரம் பார்த்துக் கரன்ட் போய் ஃபேன், பக்கத்துக் கடை ரேடியோ எல்லாம் அடங்க, அவள் உள்ளேயிருந்து டிக், டிக் என்று கேட்டது.

"மெட்டல் வால்வுங்க. மூணு வருஷம் ஆவுது. பயந்துக்காதீங்க" என்றாள், ஏதோ நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்வது போல. அளவை எழுதாமல் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். யாரிடமும் சொல்லாததை யாரென்றே தெரியாத அவளிடம் சொன்னேன். உங்களுக்குப் பயம் எப்போது போனது, எனக்கும் போன பிறகு ஆபரேஷனுக்குப் போகிறேன் என்றேன். "பயந்துகினேதான் போனேங்க" என்றாள். "பயம் போவட்டும்னு வூட்ல குந்திகினு இருந்திருந்தா, இந்நேரம் என் போட்டோவுக்குப் பொட்டு வச்சிருப்பாங்க."

கத்தரி

அதைக் கேட்டும் நான் போகவில்லை. ஒருநாள் டீச்சரம்மா எதிரிலேயே மணப்பெண்ணின் பட்டு ஜாக்கெட் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் கோழி சிறகடிப்பது போல் படபடவென்று அடித்தது. கண் இருட்டியது. தெளிந்தபோது தரையில் கிடந்தேன், தலை மல்லிகா மடியில். மேஜையில் கத்தரி முதுகுத் துணியின் குறுக்கே போயிருந்தது.

டீச்சரம்மா துணியைக் கையில் எடுத்தார். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சேத்தியாத்தோப்புப் பெண்ணிடம் நான் சொன்னபோது காதில் விழுந்த எல்லாவற்றையும் மல்லிகா அழுதுகொண்டே அவரிடம் கொட்டிவிட்டாள். டீச்சரம்மா அந்தத் துணியாலேயே என் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "பட்டு நூறு கெடைக்கும். நாளைக்கு நீ கடையைத் திறந்தேன்னா, நானே வந்து பூட்டிடுவேன்."

கையெழுத்து

வீட்டுக்காரரிடமும் அன்றைக்கு ராத்திரியே சொன்னேன். புதுச்சேரியில் ஆஸ்பத்திரி. மெட்டல் வால்வா, திசு வால்வா என்று கேட்டார்கள். திசு என்றால் சில வருஷத்தில் தேயும், மறுபடியும் திறக்க வேண்டியிருக்கும். மெட்டல் என்றால் ஆயுசுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. ஊசியும் கத்தரியும் பிடிக்கிற கை, ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வேன் என்று டாக்டரைக் கேட்டேன். "ஊசி குத்தினா அழுத்திப் பிடிங்க, கொஞ்ச நேரத்துல நின்னுடும். மாத்திரையை மறக்கிறதுக்குத்தான் நீங்க பயப்படணும்" என்றார். இன்னொரு தடவை திறப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மெட்டல் என்றேன்.

பிழைக்காமலும் போகலாம் என்று அச்சடித்த தாளில் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும். வீடு உயரத்துக்கு நிற்கிற மிஷின்களுக்குக் கீழே கூலாக நடக்கிற மனுஷன், பேனாவை இரண்டு தடவை கீழே போட்டார். என்னை ஓரமாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார். "ஜெயந்தி, வேணாம்னா சொல்லிடு. இப்பவே கெளம்பிடலாம், பஸ்ஸு இருக்குது."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அந்த பஸ்தான் கண்ணில் தெரிந்தது. ஆனால் அவர் கை என்னைவிட அதிகமாக நடுங்கியது. யாராவது ஒருவர் நடுங்காமல் இருந்தாக வேண்டுமே. பேனாவை எடுத்து அவர் விரலுக்குள் நான்தான் வைத்தேன்.

திரும்பவும்

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்துக் கடைக்குப் போனேன், மல்லிகா முன்னாலேயே வந்து திறந்து வைத்திருந்தாள். பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள். இப்போது டிக் டிக் கேட்டால் ஒரு பயம், பஸ் சத்தத்தில் கேட்காமல் போனால் இன்னொரு பயம், மாதாமாதம் ரத்தம் பார்க்கப் போகிற காலையில் மூன்றாவது. ஆனால் நாலு படியை ஒரே மூச்சில் ஏறினேன். ஏறிய பிறகுதான் அது எனக்கே உறைத்து, வாசலில் நின்று அழுதேன். உள்ளே காத்திருந்த அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்: "அழுவுறது அப்புறம் அழு, தாயி. என் ஜாக்கெட்டு ஆடியிலேருந்து உங்கிட்ட கெடக்குது."

ஆபரேஷன் என் அளவுக்குச் சரியாகத்தான் இருந்தது; அதன் பயம்தான் இரண்டு சைஸ் பெரிசு, அதையும் ஏழு மாதம் பிடித்துத் தைக்காமலேயே போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.